பாட்டில்லாத கேசட்

எங்கள் பக்கத்தில் ராஜா என்றால் அது இளையராஜா ஒருவர்தான். எங்கள் ஊர் பொட்டிபுரத்திலிருந்து தேவாரம் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் அவர் ஊரான பண்ணைப்புரம். அதே மலையடிவாரம், அதே மேகாற்று. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, நம்ம பக்கத்துப் பிள்ளை போட்ட பாட்டைக் கேட்க வேண்டும் என்றே எங்கள் ஊரில் பலர் தியேட்டருக்குப் போனார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் குழாய் ரேடியோ கட்டியதும் முதலில் அவர் பாட்டுதான். அந்தப் பாட்டுகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது பாட்டே இல்லாத அவருடைய ஒரு கேசட்டைப் பற்றி. 1986இல் அவர் செய்த ‘ஹவ் டு நேம் இட்?’ என்கிற தொகுப்பு அது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்டதிலேயே உனக்கு நெருக்கமானது எது என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பெயரை வெளியூரில் சொன்னால் ‘நியூட்ரினோ ஆய்வகம் கட்டுவதாகச் சொன்ன இடமா?’ என்று கேட்கிறார்கள். ஆமாம், அதே அம்பரப்பர் மலைதான். ஆனால் அந்தப் பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைச்சரிவுக்கு வேறொரு பெயர் இருந்தது. இது பாட்டுக்காரர்களின் மலை. ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் மலைமேலுள்ள தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி சார்பில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் பாடி ஓட்டுக் கேட்டவர். சின்னப் பையனாக இருந்த ராஜா அந்தக் காலத்தில்தான் அண்ணனோடு மலையேறினார். எங்க அப்பாவும் அப்போது மலையில்தான் வேலை செய்தார். பாவலரின் குரல் ஒரு லயத்து வீடுகளிலிருந்து அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்ததும் அதில் அந்தப் பாட்டுகளுக்குப் பங்கு உண்டு என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு மனிதனின் காது எப்படித் தயாராகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாற்று நடுகிற பெண்களின் பாட்டு, ஒப்பாரி, கட்சிப் பாட்டு, ரேடியோ எல்லாம் அந்தக் காதுக்குள் போயிருக்கின்றன. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் சேர்ந்தன. யாரிடமிருந்து வாங்கியதையும் அவர் கைநழுவ விடவில்லை.

நான் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். ஏலத்தில் செடி வளர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் நடக்கும். காய் எடுப்புக் காலத்தில் சாயந்திரம் பெண்கள் கொண்டுவந்து கொட்டுகிற பச்சைக்காயை எடைபோட்டு, கழுவி, தட்டுகளில் பரப்பி, அறையைப் பூட்டிவிட்டு வெளியே அடுப்பை மூட்டுவோம். தகரக் குழாய் வழியாகச் சூடு அறைக்குள் போகும். 50 டிகிரியை ஒட்டி அது நிற்க வேண்டும். கூடிவிட்டால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுத்துப்போகும், போடியில் ஏலம் விடும்போது விலை இறங்கிவிடும். குறைந்துபோனால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். ஒரு தட்டுக் காய் காய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அடுப்புப் பார்க்கிறவர் விறகு தள்ள, நான் அவ்வப்போது எழுந்து உஷ்ணமானியைப் பார்த்துக் கணக்கில் எழுத, ராத்திரி முழுவதும் விழித்திருப்போம். வெளியே மழையும் அட்டையும். உள்ளே ஏலக்காய் வாசனை சட்டையில், தலைமுடியில், சோற்றில் எல்லாம் ஏறியிருக்கும். அந்த ராத்திரிகளுக்காகத்தான் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன்.

மாதச் சம்பளத்துக்குப் போடிக்கு இறங்கும்போது கேசட் கடைக்குப் போகாமல் திரும்பமாட்டேன். ‘மௌன ராகம்’, ‘புன்னகை மன்னன்’ எல்லாம் வந்த காலம் அது. ஒருநாள் கடைக்காரர் மூலையில் கிடந்த ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் ராஜா பெயர் இருந்தது. படத்தின் பெயர் இல்லை, பாடினவர்கள் பெயரும் இல்லை.

“அண்ணே, இதுல பாட்டே இல்ல. வாங்கிட்டுப் போனவுக எல்லாம் திரும்பக் கொண்டாந்து கொடுத்துட்டுப் போறாக. எனக்கென்னமோ இது நல்ல சரக்குன்னு தோணுது. நீங்கதான் ராத்திரி பூரா உக்காந்திருப்பீகளே, கேட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா கொண்டாங்க, வேற தாரேன்.”

காசு வாங்காமலேயே கொடுத்தார். வியாபாரத்தில் இருந்துகொண்டு, இன்னாருக்கு இன்னது பொருந்தும் என்று யோசித்து எடுத்து வைக்கிற மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த மாதம் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். அவர் பணத்தை எண்ணவில்லை. “கேட்டீகளா?” என்றுதான் கேட்டார்.

கேட்டிருந்தேன். ஆனால் என்ன கேட்டேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. பழகின ராஜா அதில் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தது. பல்லவியைத் தேடினால் அது வரவில்லை. ஒரு வயலின் ஓடுகிறது, இன்னொரு வயலின் அதைத் துரத்துகிறது, அடியில் செல்லோ வேறெங்கோ போகிறது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், ஆனால் நிறுத்தவும் மனமில்லாமல் திருப்பித் திருப்பிப் போட்டேன். டார்ச்சு பேட்டரியையும் கழற்றி அதில் போட்டுத் தீர்த்தேன். அந்த வயதில் புரியாத ஒன்றோடு அத்தனை நாள் உட்கார்ந்திருந்த அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது.

புரியவைத்தவர் எங்கள் தோட்டத்து மேஸ்திரி. கோட்டயம் பக்கத்துக்காரர், சேட்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தன் ஊரில் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். ஒருநாள் ராத்திரி அடுப்பைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “இது பாக் அல்லவா? எங்க பாதிரியார் வயலின்ல வாசிப்பாரே!” என்றார். அவர் காதில் விழுந்தது, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்கிற உருப்படி. என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்று அர்த்தம். ஜெர்மனிக்காரர் பாக் 1720இல் தன் கையால் எழுதி வைத்த வயலின் படைப்புகளில், மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி அது. ஒற்றை வயலின் மூச்சு விடாமல் ஓடுகிற இசை. ராஜா அதை வெட்டவில்லை, நம் ராகத்துக்கு ஏற்றபடி வளைக்கவும் இல்லை. அது தன் போக்கில் ஓடுகிறது. அதனோடு கூடவே நம் வயலின், கமகத்தோடு, இழுத்து, குழைந்து, தன் பாஷையில் பேசுகிறது.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எப்படிக் கேக்கிறது?” என்று சேட்டனிடம் கேட்டேன். அவர் விளக்கம் சொல்லவில்லை. எனக்கு ஒரு சின்ன மெட்டைப் பாடச் சொல்லிக்கொடுத்தார். நான் அதைப் பாட ஆரம்பித்ததும், அவர் அதே மெட்டைக் கீழ்ச் சுருதியில் கொஞ்சம் தாமதித்து எடுத்தார். அவர் குரல் வந்ததும் என் குரல் அவரோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி தொடங்கினோம். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். சேட்டன் என் கையை எடுத்துவிட்டார். “காதைப் பொத்தக் கூடாது. என்னைக் கேட்டுக்கிட்டே உன்னோடதைப் பாடணும்” என்றார். பல ராத்திரிகள் கழித்து ஒருமுறை அது கூடி வந்தது. என் குரல் என்னிடம் இருந்தது, அவர் குரலும் எனக்குக் கேட்டது, இரண்டும் சேர்ந்த இடத்தில் நாங்கள் இருவரும் பாடாத ஏதோ ஒன்று நின்றது. அடுப்புப் பார்க்கிறவர் விறகைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

இதைத்தான் ஃப்யூக் என்று வளர்த்தெடுத்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு குரல் ஒரு சிறு மெட்டைச் சொல்லித் தொடங்கும். இரண்டாவது குரல் அதையே வேறு சுருதியில் எடுக்கும்போது முதல் குரல் வழிவிட்டு ஒதுங்காது, தன் பேச்சைத் தொடரும். மூன்றாவது, நான்காவது குரல்களும் அப்படியே வந்து சேரும். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. கேசட்டில் ‘மேட் மாட் மூட் ஃப்யூக்’ என்று ஓர் உருப்படி உண்டு. சேட்டனிடம் அந்தப் பாடம் கற்ற பிறகு அதைப் போட்டபோது, முதல் தடவையாக ஒவ்வொரு குரல் உள்ளே வரும் இடமும் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உஷ்ணமானியைப் பார்க்க மறக்கவில்லை. ஆனால் பார்த்ததை எழுத மறந்துவிட்டேன்.

வாழ்க்கையில் எனக்கு அது பெரிய பாடமாக அமைந்தது. மலையில் தமிழும் மலையாளமும் கலந்துதான் வேலை நடக்கும். வெளியே எல்லைச் சண்டை, தண்ணீர்ச் சண்டை என்று எது வந்தாலும் அதன் சூடு தோட்டத்துக்குள்ளும் வரும். அப்படிப்பட்ட நாட்களில் நானும் சேட்டனும் அவரவர் வாதத்தை விட்டுக்கொடுக்காமல்தான் பேசியிருக்கிறோம். அவர் பேசும்போது நான் காதைப் பொத்திக்கொண்டதில்லை. குடும்பத்திலும் அப்படித்தான். விட்டுக்கொடுத்துப் போ என்று பெரியவர்கள் சொல்வார்கள். விட்டுக்கொடுப்பதற்கும் கேட்டுக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டியது அந்த வயலின்கள்தான். என் வீட்டுக்காரி தன் சுருதியை ஒருநாளும் மாற்றியதில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் எனக்கு நன்மைதான் வந்திருக்கிறது.

‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் ராஜா காணிக்கையாக்கியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாக் 1750இல் காலமானார். தியாகராஜர் பிறந்தது 1767இல். ஒருவர் லைப்சிக் நகரத்துத் தேவாலயத்தில் வேலை பார்த்தவர், மற்றவர் திருவையாற்றுத் தெருவில் உஞ்சவிருத்தி எடுத்தவர். இருவருக்கும் இசை என்பது ஆண்டவன் முன் வைக்கிற காரியம். பாக் தன் கைப்பிரதிகள் பலவற்றின் முடிவில், மகிமை கடவுளுக்கே என்பதன் லத்தீன் முதலெழுத்துகளை எழுதி வைத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் படித்ததில் என்னால் மறக்க முடியாத ஒன்று உண்டு. 1705இல், இருபது வயதில், புக்ஸ்டஹூடா என்கிற பெரியவர் ஆர்கன் வாசிப்பதைக் கேட்க, ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து லூபெக் நகரத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போயிருக்கிறார். நான்கு வாரம் விடுப்பு வாங்கிப் போனவர், நான்கு மாதம் அங்கேயே தங்கிவிட்டார். பாட்டுக் கேட்க நடந்துபோகிற மனிதர்களை நாங்கள் அறிவோம். தெருக்கூத்துக்கும் பாவலர் மேடைக்கும் மலையிலிருந்து பந்தம் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் எங்கள் அப்பாக்கள். அதைப் படித்ததிலிருந்து பாக் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

இந்த இரண்டு பேரும் சந்தித்திருந்தால் என்று பலரும் கற்பனை செய்திருக்கலாம். ராஜா அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார். ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்பது ஓர் உருப்படியின் பெயர். மேற்கத்தியச் சிற்றரங்கம் தியாகராஜரை வரவேற்கிறது. பாக்கை வீட்டில் சந்தித்ததற்குத் தொடர்ச்சியாக ‘அண்டு வி ஹேட் எ டாக்’ என்று ஒன்று. நாங்கள் பேசிக்கொண்டோம் என்கிறார். தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். இரண்டு முறையிலும் கை பழகிய ஒருவர் கிடைக்காமல் இதைச் செய்திருக்க முடியாது. மேற்கத்திய வாசிப்பு ஸ்வரத்தை நேராக நிறுத்தும், நம் வாசிப்பு அதை அசைத்துத்தான் காட்டும். ஒரே மனிதரின் விரல்கள் இங்கே நேராக நின்று, அங்கே அசைவதைக் கவனித்துக் கேளுங்கள். கலவை இசை என்று இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கலந்துவிட்டால் இரண்டுமே போய்விடும். இங்கே இரண்டும் முழுசாக இருக்கின்றன.

1988இல் வெளிவந்த தன் ‘வீடு’ படத்துக்குப் பாலு மகேந்திரா இந்தத் தொகுப்பின் இசையையே பின்னணியாக வைத்தார். சொக்கலிங்க பாகவதர் அதில் தாத்தா. கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பிப் போகிற காட்சியை அந்த இசையோடு பார்த்தபோது எனக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. இப்போது அந்தத் தாத்தாவின் வயதை நெருங்கிக்கொண்டு அதைப் பார்க்கிறேன். சுவரை அவர் தொடும்போது என் உள்ளங்கையில் சிமெண்டு தெரிகிறது.

போன வருஷம் என் பேரன் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தான். காதில் எப்போதும் ஒன்றை மாட்டிக்கொண்டிருப்பான். என்ன கேட்கிறாய் என்றால் த்ராஷ் மெட்டல் என்றான். மெட்டாலிகா என்கிற அமெரிக்கக் குழு, ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்கிற தொகுப்பு. “எப்ப வந்தது?” என்று கேட்டேன். “1986 தாத்தா, மார்ச் மாசம்” என்றான். அந்த வருஷத்தைக் கேட்டதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் ஸ்டோரில் பாக்கைக் கேட்ட காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் வேறு பையன்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவன் பாட்டி, “சத்தத்தைக் குறைடா, கன்னுக்குட்டி மிரளுது” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

‘பேட்டரி’ என்கிற முதல் பாட்டு இதமான கிடார்களோடு அடுக்கடுக்காகத் தொடங்கியது. இதில் என்ன சத்தம் என்று நினைப்பதற்குள் வீடு அதிர்ந்தது. பேரன் கிடார் வாசிப்பவன். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு அத்தனை வேகத்திலும் பல இடங்களில் தந்தியைக் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பதையும், உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டே வாசிப்பதையும் எடுத்துக்காட்டினான். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம், ஆனால் அந்த அழுத்தம் வராது என்றான். மணிக்கட்டு வலிக்க வலிக்க அவன் அதைப் பழகியிருக்கிறான். சாதகம் செய்கிற பிள்ளை எந்தச் சாதகம் செய்தாலும் எனக்குப் பிடிக்கும். முதல் முறை கேட்டதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை, நாளைக்கும் போடு என்றேன்.

நான்கைந்து நாள் கழித்து அவன் ‘ஓரியன்’ போட்டான். எட்டரை நிமிஷம். இதிலும் பாட்டில்லை. எங்கோ தூரத்திலிருந்து மெல்ல எழும்பி வந்து, வேகம் பிடித்து, நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் கிடார் மட்டும் நிதானமாக நடக்க ஆரம்பிக்கிறது. அதன்மேல் ஒவ்வொரு கிடாராக வந்து சேர்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்து சேர்கிற அந்த முறை எனக்குத் தெரிந்த முறை. “இவன் யாருடா? பாக் கேட்டவனா?” என்றேன். பேரன் எழுந்தே நின்றுவிட்டான். பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் பாக்கை விரும்பிப் படித்தவராம். அதே 1986 செப்டம்பரில், கச்சேரிக்காகக் குழு ஸ்வீடனில் பயணம் செய்தபோது பேருந்து கவிழ்ந்து இறந்துபோனார். வயது 24. அவருடைய இறுதிச் சடங்கில் இந்த ‘ஓரியன்’தான் ஒலித்ததாம். பெற்ற பிள்ளையின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே வழியனுப்பியவர்களை நினைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

அன்று ராத்திரி நான் என் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். கேசட் இப்போது ஓடாது, நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் போனிலேயே தேடி எடுத்தான். ‘ஐ மெட் பாக்’ முடிகிறவரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும், “தாத்தா, ஓடுற வயலினை மட்டும் ஒருதரம், இழுக்கிற வயலினை மட்டும் ஒருதரம் கேக்கணும், மறுபடி போடுறேன்” என்றான். சேட்டன் இருந்திருந்தால் அவனைத் தோளில் தட்டியிருப்பார். அவன் லீவு முடியும்வரை சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்திலிருந்து ஒன்று, என் பக்கத்திலிருந்து ஒன்று என்று வைத்துக்கொண்டோம். மெட்டாலிகாவின் எட்டு உருப்படிகளிலும் எனக்கு இப்போது வழி தெரியும். தலைப்புப் பாட்டு போதைக்கு அடிமையாகிறவனைப் பற்றியது என்று அவன் விளக்கிய பிறகு, அந்தக் கோபம் நியாயமான கோபம் என்று தோன்றியது.

2025 மார்ச் 8ஆம் தேதி, 81 வயதில், ராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். ‘வேலியன்ட்’ என்று பெயர். பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய இசையை லண்டன் மேடையில் வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் நோட்டைப் பார்த்து வாசித்த செய்தியை டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். எனக்குச் செய்தி போதாது, முழுசாகக் கேட்க வேண்டும். பேரன் அடுத்த முறை வரும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதாக ஏற்பாடு. முதல் தடவை முடிந்ததும் நன்றாக இருக்கிறது, இல்லை என்று இரண்டு பேரும் எதுவும் சொல்லக் கூடாது என்று அவனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.